அம்மாவுக்குக் காட்டாத பனி

ஆண்டிறுதி விடுமுறை நெருங்கினால் எங்கள் காலை நிகழ்ச்சிக்கு ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். "டிசம்பர்ல லண்டன் போறோம் சிஸ்டர், பனி பார்க்கலாமா?" பெரும்பாலும் வாட்ஸ்அப் குரல் பதிவாக வரும். பின்னணியில் பிள்ளைகளின் கூச்சல் கேட்கும்.

"பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம்" என்பதுதான் என் பதில். இதைச் சொல்ல ஓர் அறிவிப்பாளர் எதற்கு என்று சில நேயர்கள் நினைத்திருப்பார்கள். தினமும் காலையில் வானிலை அறிக்கை வாசிப்பவள் நான். கொஞ்சம் உறுதியாகச் சொல்லக்கூடாதா? சொல்ல மாட்டேன். ஒரு முறை உறுதியாகச் சொல்லியிருக்கிறேன். அதற்கு ஒரு குளிர்காலமும் அம்மாவின் சீட்டுப் பணமும் செலவாயின.

குளிர்பெட்டியில் தொடங்கிய ஆசை

எனக்குப் பனிப் பைத்தியம் பிடித்தது காஜாங்கில், எங்கள் வீட்டுப் பழைய குளிர்பெட்டியில். மேல்தட்டில் வெள்ளையாகப் படிந்திருப்பதைக் கரண்டியால் சுரண்டி, உள்ளங்கையில் வைத்து, தலைக்கு மேலே தூவிக்கொள்வேன். "கரண்ட் பில்லு யாரு கட்டுறது?" என்று அம்மா சத்தம் போடுவார். தொலைக்காட்சியில் கிறிஸ்துமஸ் படம் ஓடினால் கதையைப் பார்க்க மாட்டேன், சன்னலுக்கு வெளியே விழும் பனியைத்தான் பார்ப்பேன்.

2013 செப்டம்பரில் ஊடகத் துறையில் முதுகலை படிக்க இங்கிலாந்து சென்றேன். ஓராண்டுப் படிப்பு என்பதால் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு குளிர்காலம். தங்கியிருந்த ஊர் ரெடிங். எழுத்தைப் பார்த்தால் 'ரீடிங்' என்று வாசிக்கத் தோன்றும். முதல் வாரம் முழுவதும் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். லண்டன் பேடிங்டன் நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் அரை மணி நேரம். தேம்ஸ் நதி ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடும்.

அக்டோபர், நவம்பரில் சில நாளிதழ்கள் கடுமையான குளிர்காலம் வரப்போகிறது, பல மாதங்களுக்குப் பனி கொட்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டன. நான் அந்தப் பக்கங்களைப் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்திக்கொண்டிருந்தார். டிசம்பர் விடுமுறையில் வந்து என்னைப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம்.

"நிஜமா பனி விழுமா?"

"விழும்மா. கண்டிப்பா விழும்."

அந்தக் 'கண்டிப்பா' எந்த நாளிதழிலும் இல்லை. அது நான் சேர்த்தது. அம்மா சீட்டை முன்கூட்டியே எடுத்து டிக்கெட் வாங்கினார். அப்பாவுக்குக் குளிர் ஆகாது, அவர் வரவில்லை.

அதே நவம்பரில் நாட்டின் அதிகாரபூர்வ வானிலை அமைப்பு மூன்று மாதக் கணிப்பு ஒன்றை வெளியிட்டிருந்தது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மழையளவை மிக வறட்சி முதல் மிக ஈரம் வரை ஐந்து பிரிவுகளாக்கி, மிக வறண்ட பிரிவுக்குச் சுமார் 25 விழுக்காடு, மிக ஈரமான பிரிவுக்குச் சுமார் 15 விழுக்காடு வாய்ப்பு என்று அது சொன்னது. எது நடந்தது தெரியுமா? அந்தக் குளிர்காலம் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 1766இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து ஆக அதிக மழை பெய்த குளிர்காலமாக முடிந்தது. 15 விழுக்காடு என்றால் 'நடக்காது' என்று அர்த்தம் இல்லை. நூறில் பதினைந்து முறை நடக்கும் என்று அர்த்தம். இதை நான் பின்னால்தான் புரிந்துகொண்டேன்.

"எங்க பனி?"

டிசம்பர் 18ஆம் தேதி அம்மா ஹீத்ரோவில் வந்து இறங்கினார். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் குவாந்தான் பெருவெள்ளத்தில் மூழ்கியிருந்தது. "அங்கேயும் தண்ணி, இங்கேயும் தண்ணியா?" என்று நிலையத்தின் கண்ணாடிச் சுவரில் வழியும் மழையைப் பார்த்துச் சொன்னார். பண்டல் கடையில் வாங்கிய தடித்த ஊதாநிற ஜாக்கெட். கையில் நெத்திலிச் சம்பல் போத்தல். இரண்டாவது கேள்வி: "எங்க பனி?"

"வரும்மா. பத்து நாள்ல வருது."

என் கைப்பேசிச் செயலியில் 28ஆம் தேதிக்கு நேராக ஒரு சிறு மேகம், அதற்குக் கீழே மூன்று வெள்ளை நட்சத்திரங்கள். பனிப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு அந்தச் சின்னம் போதும். அதை ஆறு மணி நேரத்திற்கு ஒரு முறை திறந்து பார்ப்பேன். காலையில் நட்சத்திரம் இருக்கும், இரவில் அது நீர்த்துளியாகிவிடும், மறுநாள் மீண்டும் நட்சத்திரம். நட்சத்திரம் வந்தால் அம்மாவிடம் ஓடிக் காட்டுவேன். நீர்த்துளி வந்தால் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

வேடிக்கை என்னவென்றால், உலகின் மிகச் சிறந்த வானிலைக் கணிப்பு நிலையங்களில் ஒன்றான ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையம் அதே ரெடிங்கில்தான் இருந்தது. அங்கே ஒரே நாளுக்கான கணிப்பை ஒரு முறை போடுவதில்லை. தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி 51 முறை போடுகிறார்கள். பத்து நாள் கழித்து 51 கணிப்புகளும் ஒரே முடிவைச் சொன்னால் நம்பிக்கை அதிகம். ஆளுக்கொரு பக்கம் போனால் குறைவு. உதாரணத்துக்கு, 12 கணிப்பு பனி என்றும் 39 கணிப்பு மழை என்றும் சொல்வதாக வைத்துக்கொள்வோம். இந்த விவரத்தைக் காட்டக் கைப்பேசித் திரையில் இருக்கும் ஒரு சின்னத்துக்கு இடமில்லை. அது ஏதாவது ஒரு படத்தைத்தான் போடும். நானோ அந்தப் படத்தை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் கடும் புயல். ஸ்காட்லாந்தின் ஸ்டோர்னவே என்ற ஊரில் காற்றழுத்தம் 936 ஹெக்டோபாஸ்கல் வரை இறங்கியது. அது மிக அரிதான அளவு. தெற்கே மரங்கள் சாய்ந்தன, ரயில்கள் நின்றன. கிறிஸ்துமஸ் அன்று ரெடிங்கில் ஈரமான நடைபாதையும் வெற்று மரங்களும்தான். பிரிட்டனில் 'வெள்ளைக் கிறிஸ்துமஸ்' என்பதற்கு அதிகாரபூர்வ விளக்கமே உண்டு: டிசம்பர் 25இன் 24 மணி நேரத்திற்குள் ஒரே ஒரு பனித்துணுக்கு விழுவதை வானிலைப் பார்வையாளர் கண்டாலும் போதும். அதை வைத்துப் பந்தயம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். இதை அம்மாவிடம் சொன்னேன். "ஒரே ஒரு துணுக்கா? அதுக்கே இவ்வளவு ஆசைப்படுறாங்களா? பாவம்" என்றார்.

எடின்பரோவில் அதிகாலை மூன்று மணி

28ஆம் தேதி நட்சத்திரம் தெற்கிலிருந்து நகர்ந்து வடக்கே ஸ்காட்லாந்துக்குப் போயிருந்தது. நாங்களும் அதன் பின்னால் போனோம். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து எடின்பரோவுக்கு ரயிலில் நாலரை மணி நேரம். வழி நெடுக வயல்களில் தண்ணீர் நின்றது.

எடின்பரோ அழகான நகரம். கரும்பாறை மேல் கோட்டை, கீழே பூங்கா, நடுவே ரயில் தடம். ஆனால் காற்று குடையைத் திருப்பிப் போட்டது. அம்மா அரச வீதியின் கற்பாதையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நாங்கள் தங்கிய சிறு விடுதியின் வீட்டுக்காரம்மாள் மாலையில் தேநீர் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "பனி பார்க்கவா வந்தீர்கள்? இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்? மலைக்குப் போங்கள். மேலே கொட்டிக் கிடக்கிறது."

ஏவிமோர் என்ற ஊருக்கு ரயிலில் சுமார் மூன்று மணி நேரம், அங்கிருந்து பேருந்தில் கெய்ர்ன்கோம் மலையடிவாரம் என்று வழியும் சொன்னார். மறுநாள் காலையில் கிளம்பலாம். எங்களுக்கு ஒரு நாள் மிச்சம் இருந்தது.

நான் கைப்பேசியைப் பார்த்தேன். எடின்பரோ, அதிகாலை மூன்று மணி, நட்சத்திரம். இங்கேயே பனி வரப்போகிறது, முழங்கால் வலியோடு அம்மாவை ஏன் அலைக்கழிக்க வேண்டும்? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், பத்து நாளாக நான் நம்பிய படம் சரியாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம்தான். நாங்கள் தங்கிவிட்டோம்.

இரவு முழுவதும் சன்னலருகே உட்கார்ந்து தெருவிளக்கைப் பார்த்தேன். மழையா பனியா என்று தெரிய விளக்கொளியில்தான் பார்க்க வேண்டும். மழை கோடாக விழும், பனி அலைந்து விழும். மூன்றே காலுக்கு ஏதோ வெள்ளையாக, ஈரப் பஞ்சுபோல, மழையோடு கலந்து இறங்கியது. "அம்மா! அம்மா!" என்று எழுப்பினேன். அவர் ஊதா ஜாக்கெட்டை மாட்டி, காலுறை இரண்டு போட்டு, படியிறங்கி வாசலுக்கு வர ஐந்து நிமிடம் ஆனது. அதற்குள் அது முழு மழையாகிவிட்டது.

அம்மா தெருவிளக்கின் அடியில் கையை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"மழைதான். காஜாங் மழையைவிடக் கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கு."

அவ்வளவுதான் சொன்னார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜனவரி 4ஆம் தேதி ஊர் திரும்பினார்.

ஒரு டிகிரி விளையாட்டு

நம் ஊரில் இருந்து பார்க்கும்போது குளிர் நாடு என்றால் பனி நாடு என்று நினைக்கிறோம். அது தவறு. லண்டன் வடக்கு அட்சரேகை 51.5இல் இருக்கிறது. ஜப்பானின் சப்போரோ அதைவிடத் தெற்கே, 43இல். ஆனால் சப்போரோவில் ஆண்டுக்குச் சுமார் ஐந்து மீட்டர் பனி பெய்கிறது, லண்டனில் பல குளிர்காலங்கள் சில சென்டிமீட்டரோடு முடிந்துவிடும். சப்போரோவுக்குச் சைபீரியாவின் உறைந்த காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. பிரிட்டனுக்கு மேற்கிலிருந்து அட்லாண்டிக் கடலின் மிதமான காற்று வருகிறது.

பிரிட்டனில் குளிர்காலத்தில் பெய்யும் மழையின் பெரும்பகுதி மேகத்தில் பனியாகத்தான் பிறக்கிறது. கீழே இறங்கும் வழியில் உருகிவிடுகிறது. அந்நாட்டில் பனி விழும் நேரங்களில் பெரும்பாலும் தரையருகே 0 முதல் 2 டிகிரி வரைதான் இருக்கும். அதாவது ஒரு டிகிரி கூடினால் மழை, ஒரு டிகிரி குறைந்தால் பனி. 'நாளை 7 டிகிரி' என்று சொல்லி 8 டிகிரி ஆனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். '1 டிகிரி' என்று சொல்லி 2 ஆனால் ஒரு குடும்பத்தின் விடுமுறையே போய்விடும். பிழை ஒரே அளவுதான். நாம் அதன்மேல் ஏற்றி வைத்திருக்கும் ஆசைதான் வேறு.

உயரம் மட்டும் அவ்வளவாக ஏமாற்றுவதில்லை. நூறு மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 0.6 டிகிரி குறையும். கெய்ர்ன்கோம் மலையின் பனிச்சறுக்கு மையம் தொடங்குவதே 635 மீட்டரில். எடின்பரோவில் எங்கள்மேல் பெய்த அதே வகை மழை, அங்கே முழுப் பனி. விடுதிக்காரம்மாளுக்கு எந்தச் செயலியும் தேவைப்படவில்லை.

அங்கே வெள்ளம், இங்கே வறட்சி

ஜனவரி முழுவதும் புயலுக்குப் பின் புயல். பிப்ரவரி தொடக்கத்தில் டாலிஷ் என்ற கடலோர ஊரில் அலைகள் ரயில் பாதையையே அடித்துச் சென்றன. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிய படம் உலகமெங்கும் வந்தது. சாமர்செட் சமவெளி வாரக்கணக்கில் மூழ்கிக் கிடந்தது. ரெடிங்கில் தேம்ஸ் கரை மீறிப் புல்வெளிகளில் புகுந்தது. பனி வேண்டும் என்று நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது அங்கே பலருக்கு வீட்டுக்குள் தண்ணீர். அதற்குப் பிறகு பனியைப் பற்றிப் புலம்ப எனக்கு வாய் வரவில்லை.

அதே பிப்ரவரியில் இங்கே நேர்மாறு. சிங்கப்பூரில் 1869இலிருந்து பதிவான மாதங்களிலேயே மிக வறண்டது அதுதான். சிலாங்கூரில் அணைகள் வற்றி, மாத இறுதியில் நீர்ப் பங்கீடு தொடங்கியது. இரண்டு நாள் தண்ணீர் வரும், இரண்டு நாள் வராது. எங்கள் வீடு இருக்கும் உலு லங்காட் மாவட்டமும் அதில் அடக்கம். "அந்தத் தண்ணியைக் கொஞ்சம் இங்க அனுப்பு" என்றார் அம்மா.

பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அந்தப் புயல்கால அறிக்கையில் ஒன்றைக் குறிப்பிட்டார்கள். இந்தோனேசியாவிலும் வெப்பமண்டல மேற்குப் பசிபிக்கிலும் தொடர்ந்து பெய்த கனமழை, வளிமண்டல மேலடுக்கில் ஓடும் வேகக் காற்றோட்டத்தின் பாதையை மாற்றி, அட்லாண்டிக் புயல்களுக்கு வலுச் சேர்த்த காரணங்களில் ஒன்றாக இருந்தது என்றார்கள். என் பனியைக் கெடுத்ததில் நம் அண்டை நாட்டு மேகத்துக்கும் பங்கு உண்டு. காஜாங்கிலிருந்து இவ்வளவு தூரம் ஓடிப்போயும் நம் வட்டாரத்து மழையிலிருந்து நான் தப்பவில்லை.

1,245 மீட்டர்

மார்ச் முதல் வாரத்தில், பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில், ஏவிமோருக்குத் தனியாகப் போனேன். செயலியைப் பார்க்கவில்லை.

1,245 மீட்டர் உயரமான கெய்ர்ன்கோமில் பனி அப்படிக் குவிந்திருந்தது. தெற்கே வெள்ளம் கொடுத்த புயல்களே அந்த மலைகளுக்குப் பனியைக் கொடுத்திருந்தன. அந்தப் பருவத்தில் ஸ்காட்லாந்தின் பனிச்சறுக்கு மையங்களில் ஆட்களை மேலே இழுத்துச் செல்லும் கம்பிகளையே தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. அம்மாவும் நானும் எடின்பரோவில் மழையில் நின்ற இரவிலும் இங்கே பனி இருந்திருக்கும். மூன்று மணி நேரத் தொலைவில்.

நான் கனவு கண்டபடி குதிக்கவில்லை. நின்றேன். புதுப் பனிக்குள் நிறையக் காற்று அடைந்திருப்பதால் அது சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். வானொலி நிலையத்தின் ஒலிப்பதிவு அறையில்தான் அப்படியோர் அமைதியைப் பிறகு கேட்டிருக்கிறேன். கைப்பேசியில் ஒரு நிமிடம் பதிவு செய்தேன்: என் காலடியில் பனி நொறுங்கும் 'கரக், கரக்', அப்புறம் அந்த அமைதி. அம்மாவுக்கு அனுப்பினேன்.

பதில் குரல் பதிவு கீழே இறங்கிய பிறகு வந்தது. பின்னணியில் தண்ணீர் கொட்டும் சத்தம். "பைப்புல இப்பதான் தண்ணி வந்துச்சு. டிரம்ல பிடிச்சுக்கிட்டு இருக்கேன். அப்புறம் கேக்குறேன்."

பனி தேடிப் போகிறவர்களுக்கு

இந்த ஆண்டு கிளம்பும் குடும்பங்களுக்கு நான் சொல்வது மூன்றே விஷயம்.

ஒன்று, நகரத்தை நம்பாதீர்கள், உயரத்தை நம்புங்கள். லண்டன், எடின்பரோ போகிறவர்கள் பனி வந்தால் லாபம் என்று நினைத்துப் போங்கள். பனிதான் முக்கியம் என்றால் மலைக்கு ஒரு நாள் ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டு, பத்து நாள் கழித்துக் காட்டும் சின்னத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். இரண்டு, மூன்று நாள் கணிப்பு பெரும்பாலும் பயன்படும். பத்து நாள் கணிப்பில் படத்தைவிட விழுக்காட்டைப் பாருங்கள்.

மூன்று, எங்குமே முழு உத்தரவாதம் கிடையாது. அவ்வளவு பனி பெய்யும் சப்போரோவிலேயே, 2020 பனித் திருவிழாவுக்குப் பனி போதாமல் வெளியூர்களிலிருந்து லாரியில் கொண்டுவந்தார்கள். ஆகவே, பனி வராவிட்டாலும் பிள்ளைகள் நினைவில் வைத்திருக்க வேறு ஏதாவது திட்டத்தில் இருக்கட்டும்.

இன்றும் காலையில் வானிலை அறிக்கை வாசிக்கும்போது 'பெய்யலாம்' என்ற சொல்லை நான் விழுங்குவதில்லை. அழுத்தியே சொல்கிறேன். மண்டபத்துக்கு வெளியே கூடாரம் போட்டுக் கல்யாணம் வைத்திருக்கும் யாரோ ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு என் வாயிலிருந்து ஒரு 'கண்டிப்பா' போய்விடக் கூடாது.

அம்மாவுக்கு இப்போது அறுபத்தைந்து தாண்டிவிட்டது. முழங்கால் இன்னும் மோசம். ஊதா ஜாக்கெட் கேமரன் மலைக்கு இரண்டு முறை போய்வந்தது, அவ்வளவுதான். போன மாதம் பழைய கைப்பேசியை மாற்றும்போது அந்தப் பதிவு கண்ணில் பட்டது. அன்றைக்கு அதைக் கேட்டீர்களா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"கேட்டேன், ராத்திரி கேட்டேன். ரெண்டு மூணு தடவை."

"பனிச் சத்தம் எப்படி இருந்துச்சு?"

"என்ன பனிச் சத்தம்? நீ மூச்சு வாங்குறதுதான் கேட்டுச்சு. அந்தக் குளிர்ல தனியா எதுக்கு ஏறினே?"